சூரியனுக்கு மதிய இடைவேளை

கிழக்கே எழுந்து மேற்கே விழுகிற அந்தச் சூரியன் மேல் ஆணையாகச் சொல்கிறேன்: கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. சந்தேகப்படுகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம்; யாரும் கையைப் பிடித்து இழுக்கப்போவதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று சொன்னால் ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த காலம் அது. அந்தக் காலத்திலேயே சூரிய சக்தி ஆய்வு நிலையம் என்று ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள். அதற்கு ஓர் இயக்குநர், ஒரு துணை இயக்குநர், நிர்வாகப் பிரிவு, கணக்குப் பிரிவு, ஒரு கார், காருக்கு டிரைவர், டிரைவர் காத்திருக்க ஓர் அறை, முத்திரை குத்த ஒருவர், குத்திய முத்திரை நேராக விழுந்திருக்கிறதா என்று பார்க்க இன்னொருவர் என்று எல்லாம் அமைந்துவிட்டது. பேனலும் ஒன்று இருந்தது.

கதவு அகலத்துக்குக் கன்னங்கரேலென்று, நாலு இரும்புக் கால் மேல் மொட்டை மாடியில் சாய்ந்து கிடந்தது அது. கப்பலில் வந்தது. வந்த அன்று இயக்குநர் அதைப் பார்க்க மாடி ஏறினார். "என்னய்யா இது, இங்க ஒரே வெயிலா இருக்கு!" என்று சொல்லிவிட்டு இறங்கினவர் அதற்கப்புறம் ஏறவேயில்லை. அவர் ஏறாத மாடிக்குத் தாம் ஏறுவது மரியாதையாகாது என்று துணை இயக்குநரும் ஏறவில்லை. இப்படியே மரியாதை படிப்படியாகக் கீழே இறங்கி, கடைசியில் டிரைவர்கூட அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்றாகிவிட்டது. ஆனால் வெயிலில் வாடி ஆராய்ச்சி செய்வதற்காக 'வெயில் படி' என்று ஒன்று எல்லோருக்கும் மாதாமாதம் கிடைத்துக்கொண்டிருந்தது. கிடைக்காதவர் ஒரே ஒருவர், மாடியில் இருந்த மீட்டர்காரர். அவர் தற்காலிக ஊழியர்.

மீட்டர்காரரை ஆபீசில் 'மாடி' என்று கூப்பிடுவார்கள். "மாடியைக் கூப்பிடு", "மாடிக்கு இன்னிக்கு லீவா?" என்கிற மாதிரி. காலையில் பேனலைத் துணியால் துடைக்க வேண்டும். அப்புறம் மணிக்கொரு தரம், மாடியின் மறுகோடியில் தகரக் கொட்டகைக்குள் இருக்கும் மீட்டரின் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துக் குறிக்க வேண்டும். சாயங்காலம் அதைக் கீழே கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அவருக்கு வயிறு சரியில்லை. சூடாகச் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் சொன்னதை அவர் மறந்தாலும் அவர் மனைவி மறக்கமாட்டார். விடிந்ததும் சமைத்து டிபன் பாக்ஸில் போட்டு, துணி சுற்றி, "சுடச்சுடச் சாப்பிடணும், தெரியுதா?" என்று வாசல்வரை வந்து மிரட்டி அனுப்புவார். மத்தியானத்துக்குள் அது ஜில்லிட்டுப் போய்விடும். கீழே கேன்டீனில் அடுப்பு இருந்தது. ஆனால் கேன்டீன் கமிட்டிக்கு யார் தலைவர் என்பது முடிவாகாததால் அதற்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள்.

மீட்டர்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். உச்சி வெயிலில் அந்தக் கறுத்த பேனல், தொட்டால் கை சுடுகிற அளவுக்குக் கொதித்துக்கொண்டிருந்தது. அதன் கீழ் மூலையில், சட்டத்தில் முட்டுக்கொடுத்த மாதிரி டிபன் பாக்ஸை வைத்தார். ஒன்றரை மணிக்கு எடுத்துத் திறந்தபோது ஆவி பறந்தது. அந்த நாட்டில் சூரிய சக்தியை முதன்முதலாக ஓர் உருப்படியான காரியத்துக்குப் பயன்படுத்தியவர் அவர்தான்.

இங்கே ஒரு சமாச்சாரத்தைச் சொல்லியாக வேண்டும். பேனலுக்குள் இருக்கிற செல்கள் கையோடு கை கோத்து வரிசையாக நிற்கிறவை. அதில் ஒன்றின் மேல் நிழல் விழுந்து அது உட்கார்ந்துவிட்டால், பக்கத்தில் இருப்பதும் உட்காரும், வரிசையே படுத்துவிடும். கீழே இருந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கத்தான் வேண்டும். இதைப் படிக்கத்தானே கடல் தாண்டிப் போய்விட்டு வந்தார்கள்? ஆனால் பேனல் மேல் டிபன் பாக்ஸ் இருக்கும் என்று அவர்கள் படித்த எந்தப் பாடத்திலும் வரவில்லை. மீட்டர்காரருக்கோ பேனலும் தெரியாது, பாடமும் தெரியாது. முள் இறங்கினால் இறங்கியது என்று குறித்தார். ஏறினால் ஏறியது என்று குறித்தார்.

ஒரு நாள் இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். மேசை மேல் வரைபடம் விரிந்து கிடந்தது. காலையிலிருந்து மலை மாதிரி ஏறிவந்த கோடு, உச்சிப்பொழுதில் கிணற்றில் குதித்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தானாகக் கரையேறியது.

"இது என்னய்யா?"

"முள்ளு சார். அங்கதான் நின்னுச்சு."

"தினமுமா?"

"தினமும்தான் சார். மத்தியானம் கொஞ்சம் எறங்கும். அப்புறம் அதுவா ஏறிக்கும்."

இயக்குநர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். திரையை விலக்கவில்லை. திரையைப் பார்த்தபடியே நின்றார்.

"சூரியன் களைச்சுப்போவுதுய்யா," என்றார், குரல் தழுதழுக்க.

"எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு சார்," என்றார் துணை இயக்குநர். "நீங்க சொல்லட்டும்னுதான் வாயைத் திறக்கல."

இப்படித்தான் 'நடுப்பகல் சரிவு' கண்டுபிடிக்கப்பட்டது. அதை உலகத்துக்கு அறிவித்த கூட்டத்தில் இயக்குநர் பேசிய பேச்சை இன்றைக்கும் அந்தத் துறையில் சிலாகிப்பார்கள். "நண்பர்களே! காலையிலேர்ந்து உழைக்கிற எவனும் மத்தியானம் தளரத்தான் செய்வான். நான் வேலைக்குச் சேர்ந்த நாளா மத்தியானத்துல கண்ணயர்றவன். சோம்பேறின்னாங்க. பின்னால சிரிச்சாங்க. நான் ஒரு வார்த்தை பதில் சொல்லல. தூங்கிட்டே இருந்தேன். இன்னிக்கு விஞ்ஞானம் எழுந்து வந்து என் பக்கத்துல நிக்குது!" கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மறுநாளே ஆணை வந்தது: சரிவு நேரத்தில் நிலையத்தில் யாரும் வேலை செய்யக் கூடாது, திரைகளை இறக்கிவிட வேண்டும், சூரியனைத் தொந்தரவு செய்யக் கூடாது.

ஆராய்ச்சி சூடு பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை மாடியில் வாட்ச்மேன்தான் முள்ளைப் பார்ப்பார். அன்றைக்குச் சரிவு வரவில்லை. விடுமுறை நாளில் சூரியன் புத்துணர்ச்சியோடு இருக்கிறது என்று துணை இயக்குநர் ஒரு கட்டுரை வாசித்தார். நடுவில் ஒரு வியாழக்கிழமையும் சரிவு வரவில்லை. மீட்டர்காரரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"நேத்து என்ன ஆச்சு?"

"அது வந்து சார்... வீட்ல கொஞ்சம் சண்டை."

"கேள்விக்குப் பதில் சொல்லுய்யா!"

"அதான் சார். அவ சமைக்கல."

துணை இயக்குநர் யோசித்து, 'வளிமண்டலத்தில் கொந்தளிப்பு' என்று குறித்துக்கொண்டார். பிறகு ஒரு நாள் கோடு கிணற்றைத் தாண்டிப் பாதாளத்துக்கே போனது. அது மீட்டர்காரரின் கல்யாண நாள். மனைவி இரண்டு டப்பா கொடுத்தனுப்பியிருந்தார். அதிலிருந்து 'ஆழ்சரிவு' என்று தனியாக ஒரு பிரிவு தோன்றியது. அதற்கு ஒரு தலைமை அதிகாரி, அவருக்கு ஓர் உதவியாளர், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு குமாஸ்தா. அந்தக் குமாஸ்தாவுக்கு வேலை கிடைத்ததாலேயே பெண்ணும் கிடைத்துக் கல்யாணம் நிச்சயமானது.

மீட்டர்காரருக்கு உண்மை தெரிந்தது ஒரு காக்கையால். மூடியைக் கொத்திக்கொண்டிருந்த காக்கையை விரட்டிவிட்டு, இனி இங்கே வைத்தால் ஆபத்து என்று டப்பாவைக் கையிலேயே எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். முள் உச்சியில் நின்றது. சரிவு நேரத்தில் முள் இப்படி நிற்காதே என்று திடுக்கிட்டார். டப்பாவைத் திரும்ப வைத்துவிட்டு வந்து பார்த்தார், முள் படுத்திருந்தது. எடுத்தார், ஓடினார், பார்த்தார். வைத்தார், ஓடினார், பார்த்தார். கடைசியில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குச் சாப்பாடு கொதிக்கக் கொதிக்க இருந்தது. அவர் மூடியைத் திறக்கவேயில்லை.

கீழே அத்தனை பேரும் தன் சாப்பாட்டின் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது போல அவருக்குத் தோன்றியது.

மறுநாளிலிருந்து டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார். ஆறினதைத் தின்றார், வயிறு வலித்தது, பொறுத்துக்கொண்டார். சரிவு நின்றுபோயிற்று. நிலையம் எழவு வீடானது. ஆட்கள் தாழ்ந்த குரலில் பேசினார்கள். ஆழ்சரிவுத் தலைமை அதிகாரி மருத்துவ விடுப்பில் போனார். குமாஸ்தா மாடிப்படிக்கடியில் நின்று, பிரிவை மூடிவிட்டால் பெண் வீட்டாருக்கு என்ன சொல்வது என்று சுவரோடு சொல்லி அழுதுகொண்டிருந்தார். சாப்பிட்ட டப்பாவைக் கழுவ இறங்கிய மீட்டர்காரர் அதைப் பார்த்துவிட்டு, கழுவாமலே மேலே ஏறினார்.

இயக்குநர் கூப்பிட்டார். முகத்தில் பல நாள் தாடி.

"சூரியனை என்னய்யா பண்ணே?"

"நான் ஒண்ணும் பண்ணல சார். சார், அது வந்து, என் டிபன் பாக்ஸ்..."

"இப்ப சாப்பாடாய்யா முக்கியம்? நானே ரெண்டு நாளா வாயில ஒண்ணும் வெக்கல!"

மறுநாள் டப்பா பழைய மூலைக்குப் போனது. சரிவு வந்தது. கீழே ஓவென்று ஒரு சத்தம், ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். இனிப்பு வழங்கினார்கள். மீட்டர்காரருக்கும் ஒரு துண்டு வந்தது. அது வயிற்றுக்குள் போய்க் கல்லாகி உட்கார்ந்துகொண்டது. முதலில் வைத்தது தெரியாமல். இப்போது வைத்தது தெரிந்து.

அதற்கப்புறம் அவருக்கு எல்லாம் ஏறுமுகம். வேலை நிரந்தரமானது. நடுப்பகல் சரிவைக் கண்ணால் கண்ட முதல் மனிதர் என்று வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கூடத்தில் 'துறையின் முன்னோடிகள்' என்று மாட்டியிருந்த படங்களின் வரிசையில், இயக்குநருக்கும் துணை இயக்குநருக்கும் அடுத்தபடியாக அவர் படமும் ஏறியது. காலையில் வேலைக்கு வரும்போது அந்தப் படத்தைப் பார்க்காமல் இருக்கத் தலையைக் குனிந்துகொண்டு போவார். "எவ்வளவு பணிவு பாரு!" என்றார்கள்.

இப்படியே போயிருந்தால் அவர் கல்லோடேயே ஓய்வு பெற்றிருப்பார். ஆனால் சரிவை இன்னோர் இடத்திலும் நிரூபித்துக்காட்ட வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். ஊருக்கு மேற்கே ஒரு கிளை நிலையம் திறந்தார்கள். இரண்டாவது பேனல் வந்தது. மீட்டர் பார்க்க ஒரு பெண்ணை எடுத்தார்கள். அவளுக்கு இரண்டு பெண் குழந்தைகள். லாரி ஓட்டப் போன கணவன், போனவன் போனவன்தான். வேலை கிடைத்த அன்று மீட்டர் பார்க்கப் பழகிக்கொள்ள மாடிக்கு வந்தவள், "உங்க பேச்சைத்தான் அண்ணே எல்லாரும் பேசறாங்க. உங்களை மாதிரி நானும் நல்ல பேரு எடுத்துடணும்," என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆபீசில் அவளுக்கு 'மேற்கு' என்று பெயராகிவிட்டது.

மேற்கில் சரிவு வரவில்லை.

மீட்டரை மாற்றினார்கள், வரவில்லை. பேனலைத் திருப்பி வைத்தார்கள், வரவில்லை. சூரியனை மாற்ற முடியாததால் அவளை மாற்றுவது என்று முடிவாயிற்று. சரிவைக் கவனிக்கத் தவறியது, அல்லது கவனித்தும் மறைத்தது, அல்லது வரவிடாமல் தடுத்தது என்று அவள் மேல் குற்றம் சாட்டி விசாரணைக்கு நாள் குறித்தார்கள். நிபுணர் சாட்சியாக வர வேண்டும் என்று மீட்டர்காரருக்குச் சொல்லியனுப்பினார்கள்.

அன்று வீட்டில் அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவர் மனைவி கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப என் சாப்பாட்டுக்கா சூரியன் எறங்குச்சு?"

"சாப்பாட்டுக்கு இல்லடி. டப்பாவுக்கு."

"டப்பா எங்கம்மா வீட்ல குடுத்தது. அதையும் சொல்லுங்க."

"வெளயாடாதடி. அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடும்."

"அப்ப போயி உண்மையைச் சொல்லுங்க."

"சொன்னா கீழ இருக்கற அத்தனை பேரு வேலையும் போவும். அந்தக் குமாஸ்தாவுக்கு இப்பதான் கல்யாணமாச்சு. என் வேலையும் போவும்."

மனைவி அலமாரியைத் திறந்து ஒரு புது டிபன் பாக்ஸை எடுத்தார். யாரோ பரிசாகக் கொடுத்தது, பிரிக்காமல் கிடந்தது. "இதைக் கொண்டுபோய் அவகிட்டக் குடுங்க. மத்தியானம் மூலையில வெக்கச் சொல்லுங்க. உங்க வேலையும் போவாது, அவ வேலையும் போவாது, ஒருத்தர் வேலையும் போவாது. இதுக்குப் போயி ராவும் பகலும் மூஞ்சியைத் தொங்கப்போட்டுட்டு."

யாருக்கும் கெடுதல் இல்லாத யோசனை. அதில் குற்றம் சொல்ல அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை. டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு மேற்கு நிலையத்துக்குப் போனார்.

ஒற்றை அறைக் கட்டடம். அதன் மேல் பேனல். அவள் முட்டிபோட்டு அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே! நீங்களே வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு. கொஞ்சம் பாருங்களேன், நான் எதைத் தப்பாப் பண்றேன்னு. தெனம் ரெண்டு வாட்டி தொடைக்கறேன். மத்தியானம் கண்ணைக்கூட எடுக்காம முள்ளைப் பாத்துட்டே நிக்கறேன். எறங்கவே மாட்டேங்குது. அழுகையா வருதுண்ணே."

"சாப்பாட்டுக்கு என்னம்மா பண்றே?"

"காலைலயே சாப்பிட்டு வந்துடறேன். வேலை நேரத்துல சாப்பிட்டா முள்ளை விட்டுட்டேன்னு சொல்லிடுவாங்களோன்னு பயம்." அவள் ஒதுங்கி வழிவிட்டாள். "ஒரு தூசு இல்ல பாருங்கண்ணே. மொகமே தெரியும்."

தெரிந்தது. கறுப்புக் கண்ணாடியில் அவர் முகம், பையை நெஞ்சோடு அணைத்தபடி.

பைக்குள்ளிருந்து அவர் கை வெளியே வரவில்லை. "நல்லாத்தான்மா தொடைக்கறே," என்றார். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் பைக்குள் டப்பாவும் மூடியும் இடித்துச் சத்தம் போட்டுக்கொண்டே வந்தன.

விசாரணை நாள். இயக்குநர் அறையில் திரைகளை இறக்கி, பட்டப்பகலில் விளக்குகளை எரியவிட்டிருந்தார்கள். இயக்குநர், துணை இயக்குநர், நிர்வாக அதிகாரி மூவரும் ஒரு பக்கம். அவள் எதிரே நின்றாள். உட்காரச் சொல்லவில்லை.

"சூரியன் களைக்கறப்ப நீ எங்க இருந்தே?" என்றார் இயக்குநர்.

"மீட்டர் முன்னாலதான் சார்."

"பின்ன ஏன் குறிக்கல?"

"களைக்கல சார்."

"இங்க களைக்கற சூரியன் அங்க மட்டும் களைக்காதா? அதே சூரியன்தானேம்மா?"

"எனக்கெப்படி சார் தெரியும்? நான் அதுகிட்டப் பேசினதில்ல."

துணை இயக்குநர் எழுந்தார். "இதுதான் சார் மனப்பான்மை! இந்த நிலையத்தில நாங்க எத்தனை பேரு, மேல ஏறிக்கூடப் பார்க்காம, நம்பிக்கையோட உழைக்கறோம்! இந்தம்மா என்னடான்னா கண்ணால பாத்தாத்தான் ஒத்துப்பேங்கறாங்க. கண்ணை நம்பற ஆளை ஆராய்ச்சிக்கு வெச்சுக்கலாமா?"

"முன்னோடி என்ன சொல்றார்?" என்றார் இயக்குநர்.

மீட்டர்காரர் எழுந்தார். கையில் அவருடைய பழைய டப்பா.

"சார், அந்தப் பொண்ணு பேர்ல தப்பு இல்ல. சூரியன் களைக்கல. எப்பவும் களைச்சதில்ல. மத்தியானம் சாப்பாடு சூடாவறதுக்காக நான்தான் இதைப் பேனல் மேல வெப்பேன். இது நெழலு விழுந்துதான் முள்ளு எறங்குது. மேல வாங்க சார், காட்டறேன்."



"மேலயா?" என்றார் இயக்குநர். "இந்த வெயில்லயா?"

கடைசியில் இப்படி ஏற்பாடாயிற்று: மீட்டர்காரர் மாடியில் டப்பாவை வைப்பார், எடுப்பார். அவள் மீட்டர் முன்னால் நின்று, முள் எங்கே போகிறதோ அதைப் படிக்கட்டு வழியாகக் கீழே கேட்கிறபடி கத்த வேண்டும். விசாரணைக் கமிட்டி நாற்காலியோடு படிக்கட்டின் அடிக்கு நகர்ந்தது, நிழலிலேயே.

அவர் டப்பாவை வைத்தார்.

"எறங்குது சார்!" என்று அவள் கத்தினாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். முதன்முதலாகச் சரிவைப் பார்க்கிறாள் அல்லவா?

எடுத்தார்.

"ஏறுது சார்!"

வைத்தார்.

"எறங்குது..."

எடுத்தார். இந்தத் தடவை சத்தம் வரவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார். கொட்டகை வாசலில் நின்று அவள் மீட்டரைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"ஏறிடுச்சு சார்," என்றாள் அவள். அது கீழே கேட்டிருக்காது.

சரிவு நேரம் வந்துவிட்டபடியால் கமிட்டி ஓய்வுக்குப் போனது. ஓய்வு முடிந்து, முகம் கழுவி, இயக்குநர் தீர்ப்புச் சொன்னார். அதையும் ஒரு பேச்சாகவே சொன்னார்.

"இன்னிக்கு இந்த நிலையத்தின் வரலாற்றிலேயே பெரிய நாள். நம்ம மகத்தான கண்டுபிடிப்புக்கு ஆதாரமான கருவி எதுன்னு இத்தனை நாளா நமக்கே தெரியாம இருந்தது. அதை நம்ம முன்னோடி, தன் வீட்டுச் சொந்தக் கருவியைக் கொண்டுவந்து, தன் சாப்பாட்டையே பணயம் வெச்சு, ஒரு விளம்பரம் இல்லாம இயக்கிட்டு வந்திருக்கார். கருவி இருந்தா சரிவு உண்டு, இல்லேன்னா இல்ல. இதைவிடத் தெளிவான நிரூபணம் உலகத்துல எங்கயாவது உண்டா? மேற்கு நிலையத்துக்குக் கருவி வழங்கப்படல. அது நிர்வாகத்தோட குறை. ஆகவே அந்தம்மா பேர்ல குற்றம் இல்ல. வேலையில தொடரலாம். இனிமே எல்லா நிலையத்துக்கும் கருவி வழங்கப்படும்."

மீட்டர்காரர் பதறிப்போனார். "சார், சார்! இது சரிவை அளக்கற கருவி இல்ல சார். இதுதான் சார் சரிவே!"

இயக்குநர் மற்றவர்களை வெளியே போகச் சொன்னார். பிறகு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தணிந்த குரலில் பேசினார்.

"ஒண்ணு கேக்கறேன். முள்ளு எறங்குதா, இல்லையா?"

"எறங்குது சார். ஆனா..."

"அந்தப் பொண்ணுக்கு வேலை இருக்கா, போச்சா?"

"இருக்கு சார்."

"குமாஸ்தாவுக்கு?"

"இருக்கு."

"உனக்கு?"

"இருக்கு சார்."

"எனக்கு?"

மீட்டர்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பின்ன உனக்கு என்னதான்யா குறை?" என்றார் இயக்குநர். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினவர் போல, பதிலுக்குக் காத்திருந்தார். மீட்டர்காரர் நெஞ்சைத் தடவிக்கொண்டார், வயிற்றைத் தடவிக்கொண்டார். குறை எங்கேயோ இருந்தது. இடம் காட்டத் தெரியவில்லை.

கருவிகள் வந்து சேர்ந்தன. நிலையத்தின் முத்திரை குத்திய பளபளவென்ற டப்பாக்கள். முத்திரை நேராக விழுந்திருக்கிறதா என்று ஒருவர் பார்த்து ஒப்புதல் கொடுத்திருந்தார். ஒவ்வொரு நிலையத்து ஆளுக்கும் அதை எப்படி வைப்பது என்று சொல்லிக்கொடுப்பது மீட்டர்காரரின் புதுப் பதவி. மேற்கிலிருந்து அவள் வாங்கிப்போக வந்தாள். மாடியில், பேனல் பக்கத்தில், இரண்டு பேரும் நின்றார்கள்.

"பேனல் சாய்வா இருக்கறதால நழுவும். அதனால கீழ் மூலையில, இந்தச் சட்டத்துல முட்டற மாதிரி வெக்கணும்," என்றார் மீட்டர்காரர். பிறகு குரல் இறங்கியது. "அம்மா, அன்னிக்கு அங்க வந்தப்பவே உங்கிட்டச் சொல்லணும்னுதான்..."

அவள் டப்பாவின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். மூடினாள்.

"உள்ள சாப்பாடு இருக்கணுமா? இல்ல, காலியா வெச்சாப் போதுமா?"

"காலியா வெச்சாலே போதும்மா."

"சரிங்க சார்," என்றாள்.

அதுவரை அவள் வாயில் அவர் 'அண்ணே'தான். அவர் திடுக்கிட்டு நிமிர்வதற்குள் அவள் டப்பாவை இடுக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். கீழே கூடத்தில், முன்னோடிகளின் படங்களைத் தாண்டி அவள் செருப்புச் சத்தம் போவது கேட்டது. எந்தப் படத்தின் முன்னாலும் அது நிற்கவில்லை.

உச்சிப்பொழுது ஆகியிருந்தது. மீட்டர்காரர் நிலையத்தின் காலி டப்பாவை மூலையில் வைத்தார். தம்முடையதை மடியில் வைத்துத் திறந்தார். ஆறிப்போயிருந்தது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

இதில் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று. பேனலையும் மீட்டரையும் இணைக்கிற ஒயர் அந்த நிலையத்துக்கு இன்றுவரை வந்து சேரவில்லை. பின்னே முள் எதைப் பார்த்து ஏறி இறங்கியது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.